பொன் காட்டும் நோய்

பொன்னின் நிறம் யாது என்று வினவினால், மஞ்சள் என்று எந்த மாணவரும் விடையிறுப்பர். ஆயின், அதே பொன்னை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால், அந்நீர் மாதுளை முத்தைப்போலச் சிவந்து தோன்றும். மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1857-ஆம் ஆண்டில் இவ்வியப்பை ஆராய்ந்து உரைத்தார்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். ஏறக்குறைய 20 நானோமீட்டர் குறுக்களவுள்ள பொற்றுகளின் மீது ஒளி பட்டவுடன், அதன் எலெக்ட்ரான்கள் ஊசலாடிப் பச்சை ஒளியை விழுங்குகின்றன. எஞ்சிய சிவப்பு நம் கண்ணை அடைகிறது. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கினால், அவை விழுங்கும் ஒளி மாறுகிறது. செந்நீர் நீலம் பாய்கிறது.

இதனால் நோயை அறிவது எங்ஙனம்? வைரஸின் மரபிழையோடு பொருந்தும் சிற்றிழைகளைப் பொற்றுகள்களின்மேல் ஒட்டவைப்பர். அவ்வைரஸின் மரபிழை கலந்தால், துகள்கள் அதனைப் பற்றிக்கொண்டு திரளும்; நிறம் மாறும். அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக அறிஞர்கள் 2020-இல், பிரித்தெடுத்த மரபுப்பொருளைக் கொண்டு, கொரோனா வைரஸை இம்முறையால் 10 நிமிடங்களுக்குள் கண்டறிந்து காட்டினர்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் செங்கோடும் பொற்றுகள்களின் திரளே. வைரஸ் சிறிதளவே இருப்பின் கோடும் மங்கலாகவே தோன்றும். ஒருவர் ‘உண்டு’ என்பார். மற்றொருவர் ‘இல்லை’ என்பார். நோயுற்றவரை நோயற்றவர் என்று அனுப்பிவிட்டால், அவருக்குக் கேடு. அவரைச் சூழ்ந்தோர்க்கும் கேடு.

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு துணைக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பகுதியில் எடுத்த எச்.ஐ.வி. சோதனைப் படங்கள் 11,000-க்கும் மேற்பட்டவற்றைக் காட்டி, கோட்டை இனங்காண ஒரு கணிப்பொறிக்கு ஆய்வாளர் பயிற்சி அளித்தனர். 2021-இல் வெளிவந்த அம்முடிவின்படி, செவிலியரும் நலப்பணியாளரும் கண்ணால் பார்த்துக் கூறியதைவிடக் கைப்பேசிவழிக் கணிப்பில் பிழை குறைந்திருந்தது.

மாணவர்களே, ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கணிப்பொறி பட்டையில் உள்ளதைத்தான் படிக்கும். மூக்கில் மாதிரியைச் செவ்வனே எடுக்காவிடில், அங்கே கோடே தோன்றாது. இல்லாத கோட்டை எவ்வளவு கூரிய அறிவும் காணாது. ஆகவே, சோதனை ‘இல்லை’ என்றாலும், காய்ச்சலும் இருமலும் தொடருமாயின் மருத்துவரை நாடுவதே அறிவுடைமையாகும்.