முழங்கால் வீக்கமும் முதல் இரண்டு மணி நேரமும்

அடிபடாமலே ஓர் ஆண் குழந்தையின் முழங்கால் வீங்கிச் சூடேறினால், எண்ணெயிட்டுத் தடவும் வழக்கம் நம் மாவட்டத்தில் உண்டு. அவ்வீக்கம் ஹீமோஃபிலியாவால் மூட்டுக்குள் கசிந்த குருதியாக இருப்பின், தடவுதலும் உருவுதலும் கசிவைப் பெருக்கிவிடும். ஆகவே காரணம் தெரியாத வீக்கத்திற்கு முதலில் குருதிப் பரிசோதனை தேவை.

குருதி உறைய, பல காரணிகள் அடுத்தடுத்து இயங்க வேண்டும். எட்டாம் காரணி குறைந்தால் அது ஹீமோஃபிலியா ஏ. ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா பி. முதல் வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்குக் காணப்படுகிறது. இக்குறை பெரும்பாலும் தாய்வழியே வருவதால், தாய்மாமனுக்கு இருந்ததா என்று மருத்துவர் வினவுவார். எனினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. தாயைக் குறைகூற இதில் ஏதுமில்லை.

முற்காலத்தில் கடும் நோயுற்ற பலர் இளமையிலேயே மாண்டனர். 1964இல் அமெரிக்க அறிவியலர் ஜூடித் பூல், உறைந்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கினால் எட்டாம் காரணி செறிந்த படிவு கிடைக்கும் எனக் கண்டார். அதன்பின் நிலை மாறியது. இன்று காரணி ஊசியை முறையாகப் பெறுவோர் படித்து, பணிபுரிந்து, முதுமை வரை வாழ இயலும்.

கசிவு தொடங்கியதும், இயன்றவரை இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி பெறுதல் மூட்டைக் காக்கும். தலையில் அடிபட்டால் முதலில் காரணி ஊசி, பின்னரே ஸ்கேன். ஆஸ்பிரின் தவிர்க்கத்தக்கது; தசையில் ஊசி போடுவதற்கும் பல் பிடுங்குவதற்கும் முன் நோயைத் தெரிவிக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காரணி ஊசி கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஆசாரிப்பள்ளத்தில் முன்கூட்டியே பதிவுசெய்து, இருப்பைக் கேட்டறிந்து வைப்பது நலம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஹீமோஃபிலியா இடம்பெற்றுள்ளது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், கடும் ஹீமோஃபிலியா ஏ உடைய ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவரவர் குருதியின் மூல உயிரணுக்களில் எட்டாம் காரணிக்குரிய மரபணுவைச் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்தினர். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் குருதிக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியான ஆய்வறிக்கை கூறுகிறது. இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. அதற்குமுன் கடுமையான மருந்துகளும் தேவைப்படுகின்றன.

அம்மருத்துவம் பரவலாகும் நாள்வரை, இன்றைய குழந்தையின் மூட்டைக் காப்பது காலத்தே பெறும் ஊசியே. நோயின் வகையும் இரத்தப் பிரிவும் எழுதிய அட்டை எப்போதும் அவனிடம் இருக்கட்டும்.