சாவி இருந்தா போதுமா?

ரிசல்ட் பக்கத்தோட முகவரியில் உங்க பதிவு எண் தெரியுதுன்னு வெச்சுக்கோங்க. அந்த எண்ணை மாத்தினா நண்பனோட மார்க் வருமா? கேட்பது யார்னு சர்வர் சரிபார்க்கலைன்னா, வரும். இந்த வகைக் குறைகளுக்குத்தான் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 டாப் 10 பட்டியலில் முதலிடம்.

ஆனா இதைக் கல்லூரித் தளத்தில் சோதிச்சுப் பார்க்காதீங்க. எத்திக்கல் ஹேக்கருக்கும் திருடனுக்கும் டூல் ஒண்ணுதான். உரிமையாளர் எழுதித் தந்த அனுமதிதான் வித்தியாசம். அனுமதியில்லாம நுழைஞ்சா, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-ன்படி இழப்பீடு கட்ட வேண்டி வரலாம். நேர்மையற்ற நோக்கம் இருந்தா பிரிவு 66: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

அப்போ எங்கே பழகுறது? உங்க லேப்டாப்பிலேயே. ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப்பை இறக்கி ஓட விடுங்க. வேணும்னே ஓட்டைகளோட கட்டின இலவசக் கடை அது. அங்கே கூடை எண்ணை மாத்தி, அடுத்தவர் கூடையை எட்டிப் பாருங்க. அதோட நிறுத்தாம, அந்த ஓட்டையை எப்படி அடைக்கலாம்னும் எழுதிப் பாருங்க. வேலை தர்றவங்க தேடுறது அந்த ரெண்டாவது பாதியைத்தான்.

உண்மையான தளத்தில் ஏதாவது ஓட்டை கண்ணில் பட்டா, மேலே தோண்டாதீங்க. உரிமையாளருக்கோ சர்ட்-இன் அமைப்புக்கோ தெரிவிச்சிடுங்க.