படிவம் 4-இல் பிரியும் பாதை

மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தமிழ்ப்பள்ளியில் சேரும் பிள்ளை ஆறு ஆண்டுகள் பின்னம், தசமம், விழுக்காடு என்று பெரும்பாலும் தமிழில்தான் கணக்குப் போடுகிறது. இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-க்குப் போனதும் அதே கணக்கு மலாயில் வருகிறது. இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளியானால் ஆங்கிலத்தில். மலாயில் பின்தங்கியவர்களுக்கு நடுவில் ஓராண்டு புகுமுக வகுப்பு வேறு.

மொழி மட்டுமல்ல, பாடங்கள் வரும் வரிசையும் கவனிக்க வேண்டியது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இயற்கணிதத்துக்கு ஓராண்டு, வடிவியலுக்கு ஓராண்டு, திரும்பவும் இயற்கணிதம் என்பதே பழகிய வழக்கம். மலேசியாவில் ஒவ்வோர் ஆண்டும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். விட்ட பாடம் இரண்டு ஆண்டு கழித்து இன்னும் ஆழமாகத் திரும்பி வரும்.

வேகத்தையே பாருங்கள். படிவம் 2-இல் தூரத்தை நேரத்தால் வகுத்தால் போதும். படிவம் 4 கணிதத்தில் அது வரைபடமாகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு லாரி நின்ற இடத்திலிருந்து கிளம்பி, 10 நொடியில் சீராக நொடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்டினால், தாளில் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்பு 100; லாரி கடந்த தூரமும் 100 மீட்டர். சரி, வேகம் சீராக ஏறாமல் கோடு வளைந்துவிட்டால்? முக்கோணம் கைகொடுக்காது, தொகையீடு வேண்டும். அது படிவம் 5-இல், அதுவும் கூடுதல் கணிதம் என்ற தனிப்பாடத்தை எடுத்தவர்களுக்கு மட்டும். அந்தப் பாடநூலின் கடைசி அத்தியாயமே நேர்க்கோட்டு இயக்கம்தான். இயற்பியல் ஆசிரியரோ படிவம் 4 தொடக்கத்திலேயே இயக்கத்தை நடத்தி முடித்திருப்பார்!

ஆக, பாட வரிசையின் முக்கியமான திருப்பம் படிவம் 4-இல் இருக்கிறது. கணிதம் எல்லாருக்கும் கட்டாயம்; மாணவர்கள் ‘அட் மேத்ஸ்’ என்று சொல்லும் கூடுதல் கணிதம் விருப்பப்பாடம். 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய பிரிப்பு இல்லை. பாடத் தொகுப்பை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். பேச்சுக்குச் சுதந்திரம்தான். ஆனால் பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளை அட் மேத்ஸை விட்டுவிட்டால், படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்தபின் பல கதவுகள் சாத்தியே இருக்கும்.

இந்த முடிவை எடுக்கும்போது பிள்ளைக்குப் பதினைந்து வயது. முன்பெல்லாம் படிவம் 3 முடிவில் எழுதிய பி.டி.3 தேர்வின் மதிப்பெண் கையில் இருந்தது. 2022-இல் அந்தத் தேர்வும் போய்விட்டது. இப்போது பள்ளி மதிப்பீட்டையும் டியூஷன் ஆசிரியரின் அபிப்பிராயத்தையும் வைத்துக்கொண்டு அப்பா அம்மா முடிவு செய்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியது எத்தனை ‘ஏ’ கிடைத்தது என்பதல்ல; இயற்கணிதத்தில் கை தடுமாறுகிறதா என்பதுதான். அட் மேத்ஸின் முதல் அத்தியாயமான சார்புகளிலிருந்தே இயற்கணிதம்தான் வேலை வாங்கும்.