ஒரு நடிகரின் 2 கண்கள். 4 பேருக்குப் பார்வை!

கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி பெங்களூரில் மாரடைப்பால் மரணம் அடைந்தார். சென்னையில் பிறந்த அவருக்கு அப்போது வயது 46. நகரமே துக்கத்தில் உறைந்து நின்ற அந்த வேளையிலும் குடும்பத்தினர் ஒரு காரியத்தை மறக்கவில்லை. நாராயணா நேத்ராலயா கண் ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுத்தார்கள். டாக்டர்கள் வந்து கண்களை எடுத்துச் சென்றார்கள்.

மறுநாள் 4 பேருக்கு ஆபரேஷன் நடந்தது.

2 கண்கள் 4 பேருக்கு எப்படிப் போதும்?

முழுக் கண்ணையே எடுத்துப் பொருத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பொருத்திய கண் இன்றுவரை யாருக்கும் பார்வை தந்ததில்லை. மாற்றப்படுவது கருவிழிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி போல் இருக்கும் மெல்லிய படலம்தான். அதன் கனம் சுமார் அரை மில்லி மீட்டர். அதையும் டாக்டர் புஜங்க ஷெட்டியின் குழுவினர் முன் அடுக்கு, பின் அடுக்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். மேற்புறம் கெட்டவர்களுக்கு முன் அடுக்கு. உட்புறம் பழுதானவர்களுக்குப் பின் அடுக்கு. (புஜங்க ஷெட்டி 2023-ல் காலமானார்.)

தந்தை சொன்ன சொல்

1994-ல் அந்த ஆஸ்பத்திரியில் தன் பெயரிலான கண் வங்கியைத் திறந்து வைத்தபோது, தன் குடும்பத்தார் அனைவரின் கண்களும் தானம் செய்யப்படும் என்று அறிவித்தார், நடிகர் ராஜ்குமார். 2006-ல் அவர் கண்களும், 2017-ல் மனைவி பர்வதம்மாளின் கண்களும் அப்படியே வழங்கப்பட்டன. மகனும் அதே வழியில் சென்றார்.

இந்த விஷயத்தில் நம் சென்னைக்கும் பெருமை உண்டு. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியது.

சினிமாவில் வருவது போல் அல்ல

கட்டை அவிழ்த்ததும் கதாநாயகி "அம்மா, தெரியுதம்மா!" என்று கூவுவது படத்தோடு சரி. உண்மையில் முதலில் மங்கலாகத்தான் தெரியும். தெளிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். முழுப் படலத்தையும் மாற்றியிருந்தால் தலைமுடியைவிட மெல்லிய நைலான் தையல்கள் ஓராண்டுக்கு மேலும் கண்ணில் இருக்கும். பின் அடுக்கு மட்டும் என்றால் கண்ணுக்குள் காற்றுக் குமிழி விட்டு, நோயாளியை மல்லாந்து படுக்க வைப்பார்கள். படலம் ஒட்டிக்கொள்ள அந்தக் காற்றுதான் துணை.

சொட்டு மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது. கண்ணைக் கசக்கக்கூடாது. சிவப்பு, வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் - இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் ஓடவேண்டும். பொருத்திய படலத்தை உடம்பு ஏற்க மறுப்பதன் அறிகுறி அது. ஆண்டுகள் கழித்தும் வரலாம். உடனே கவனித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

கண் கொடுக்க யாரால் முடியும்?

கண்ணாடி போட்டவர்கள், சர்க்கரை நோயாளிகள், கண்புரை ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் எல்லோரும் கொடுக்கலாம். ரத்தப் பிரிவும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அந்தப் படலத்தில் ரத்தக் குழாயே கிடையாது! வெறிநாய்க்கடி நோய், எய்ட்ஸ் போன்றவற்றால் இறந்தவர்களின் கண்கள் மட்டும் ஏற்கப்படுவதில்லை.

இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்கவேண்டும். கண் வங்கிக்கு உடனே போன் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வையுங்கள். தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வையுங்கள். டாக்டர்கள் வீட்டுக்கே வருவார்கள். வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முகமும் விகாரமாகத் தெரியாது.