கோழித் தீவனத்தில் மூலிகைகள்

கோழிக்குக் கழிச்சல் கண்டால் கீழாநெல்லியையும் சீரகத்தையும் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பது நம் கிராமத்துக் கைவைத்தியம். இப்போது மூலிகைகள் பெரிய பண்ணைகளின் தீவனத்துக்குள்ளும் வந்துவிட்டன. ஆன்டிபயாடிக் மருந்துகளால் வந்த சிக்கலே அதற்கு முக்கியக் காரணம்.

1940களின் இறுதியில் அமெரிக்காவில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தயாரிப்பில் மிஞ்சிய சக்கையைத் தின்ற குஞ்சுகள் வேகமாக எடை கூடுவதைக் கண்டனர். அதன்பின் நோயில்லாத கோழிக்கும் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலப்பது பல நாடுகளில் வழக்கமாயிற்று. அந்தச் சிறிதளவுக்குச் சாகாத கிருமிகள் பெருகி, மனிதருக்கான மருந்துகளுக்கும் அடங்காமல் போயின. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதைச் சுவீடன் 1986-லும் ஐரோப்பிய ஒன்றியம் 2006-லும் நிறுத்தின. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குத் தர இந்தியா 2019-ல் தடை விதித்தது.

அந்த இடத்தை நிரப்பத்தான் மூலிகைகள் ஆராயப்படுகின்றன. கோழியின் ஆரோக்கியம் பெரிதும் குடலில் இருக்கிறது. ஓமத்தில் உள்ள தைமால் கெட்ட பாக்டீரியாக்களின் மேலுறையைச் சிதைக்கிறது. பூண்டை நசுக்கும்போது உருவாகும் அல்லிசினும் கிருமிகளை அடக்குகிறது. மிளகு, இஞ்சியின் காரம் செரிமான நீர்களைச் சுரக்கத் தூண்டுகிறது. மஞ்சளின் குர்குமின் அழற்சியைத் தணிக்கிறது. ஆய்வுகளில் கிலோ தீவனத்துக்கு 5 முதல் 10 கிராம் வரை மஞ்சள் தூள் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் தரும் சத்தைக் கோழியால் தானே உருவாக்க முடியாது. செண்டுமல்லி இதழும் முருங்கைக் கீரையும் அதைக் கொடுக்கும்.

ஆனால் அளவு மீறினால் கெடுதல்தான். முருங்கை இலையில் புரதம் நிறைய உண்டு, நார்ச்சத்தும் உண்டு. நாரைச் செரிக்கும் வல்லமை கோழிக்குக் குறைவு என்பதால் இலைத்தூள் கூடினால் வளர்ச்சி குறையும். வேம்பின் கசப்பு தீவனம் எடுப்பதைக் குறைத்துவிடும். ஒரே செடியின் வீரியம்கூட மண்ணையும் பருவத்தையும் பறித்த பக்குவத்தையும் பொறுத்து மாறும். அதனால்தான் ஓர் ஆய்வில் நல்ல பலன் தந்த மூலிகை இன்னொன்றில் பலன் தராமல் போகிறது. மணமுள்ள இலைகளை நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் எண்ணெய்ச் சத்து ஆவியாகிவிடும். ஈரம் மிஞ்சினாலோ பூஞ்சணம் பிடித்து, அதன் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும்.

மூலிகை தடுப்பூசிக்கு மாற்றாகாது. வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய். அது பரவினால் கொட்டகையே காலியாகும். முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் விடும் சொட்டு மருந்தையும் எட்டாவது வாரத்தில் இறக்கையில் போடும் ஊசியையும் தவறவிடக் கூடாது. சுத்தமான தண்ணீர், காய்ந்த கூளம், காற்றோட்டமான கொட்டகை ஆகியவை இருக்கும் பண்ணையில்தான் மூலிகையும் பலன் தரும்.

பண்ணையாளர்கள் முதலில் சில கோழிகளுக்கு மட்டும் கொடுத்து, தின்ற தீவனத்தையும் கூடிய எடையையும் குறித்துவைத்து, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கலந்து பேசிய பிறகு மற்றவற்றுக்கும் கொடுக்க வேண்டும்.