பென் டிரைவில் லினக்ஸ்: மலைமேல் எது கைகொடுக்கும்?

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் பழுதானதும் பலர் இந்த லேப்டாப்பைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க் இல்லாமலே அதை இயக்கலாம். ஒரு பென் டிரைவும் எடை குறைந்த லினக்ஸும் போதும்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் என் உறவினர் வீட்டில் இப்படி ஒரு லேப்டாப் இருந்தது. ராம் 2 ஜிபி. பேட்டரி நிற்பதில்லை. அண்ணனுக்குக் கிடைத்ததை இப்போது கல்லூரியில் படிக்கும் தங்கை பயன்படுத்துகிறாள். புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நேரத்தில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புது லேப்டாப் வாங்க வசதி இல்லை. வீட்டுக்குள் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. அவளுக்காக நான்கு லினக்ஸ்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த விவரம் உங்களுக்கும் பயன்படும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

விண்டோஸ் ஓடும் நிலையில் இருந்தால் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ் பகுதியைப் பாருங்கள். 32 பிட் விண்டோஸ் என்று காட்டினாலும் பிராசசர் 64 பிட் ஆக இருக்கலாம். அப்படியானால் 64 பிட் லினக்ஸையே எடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான இன்ஸ்டாலரே இல்லை. இனி 32 பிட்டுக்கு வழி குறுகிக்கொண்டே போகும்.

நான்கு லினக்ஸ்கள்

டைனி கோர்: சுமார் 23 எம்பிதான். வியப்பாக இருக்கிறதா? ஆனால் பிரவுசர், ஆபீஸ் எல்லாவற்றையும் நெட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். வைஃபை வேண்டுமானால் பெரிய பதிப்பான கோர் பிளஸ் தேவை. நெட் வசதி குறைந்த இடத்துக்கு இது உதவாது.

ஸ்லாக்ஸ்: செக் நாட்டில் உருவானது. 500 எம்பிக்குள் அடங்கும். இதன் போல்டரைப் பென் டிரைவில் காப்பி செய்து, உள்ளே இருக்கும் பூட் பைலை இயக்கினால் வேலை முடிந்தது. நீங்கள் செய்யும் மாற்றங்கள் பென் டிரைவிலேயே பதிவாகும். ஆனால் ஆபீஸ் தொகுப்பை நாம்தான் சேர்க்க வேண்டும்.

பப்பி: ஆஸ்திரேலியாவின் பாரி கௌலர் 2003-ல் வெளியிட்டது. ராமில் ஏறி ஓடுவதால் பென் டிரைவ் மெதுவானதாக இருந்தாலும் வேகம் குறையாது. முதல்முறை ஷட் டவுன் செய்யும்போது சேவ் பைல் உருவாக்கவா என்று கேட்கும். அபிவேர்டு போன்ற சிறிய புரோகிராம்கள் பெரும்பாலான பதிப்புகளில் கூடவே வரும்.

ஆன்டிஎக்ஸ்: டெபியனை அடிப்படையாகக் கொண்டது. முழுப் பதிப்பு கிட்டத்தட்ட 2 ஜிபி. ஆனால் பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

எதைத் தேர்ந்தெடுத்தேன்?

சிறிய ஐஎஸ்ஓ என்றால் நல்லது என்று நினைப்போம். மலைமேல் கணக்கு தலைகீழ். கீழே போளூரிலோ திருப்பத்தூரிலோ ஒரே தடவை 2 ஜிபி இறக்கிக்கொள்ளலாம். மேலே வந்தபிறகு 200 எம்பி இறக்குவதுதான் சிரமம். ஆகவே ஆன்டிஎக்ஸ். ரூஃபஸ் மூலம் பென் டிரைவில் எழுதினேன். அதில் பூட் செய்து, உள்ளேயே இருக்கும் லைவ் யுஎஸ்பி மேக்கரைக் கொண்டு, மாற்றங்களைச் சேமிக்கும் வசதியுடன் இன்னொரு பென் டிரைவைத் தயார் செய்தேன். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியாமல் இருக்க லோகித் தமிழ் எழுத்துருவையும், தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸ் எம்17என் தொகுப்பையும் கீழேயே இறக்கிச் சேர்த்துவிட்டேன்.

"கரண்ட் போனா டைப் பண்ணது எல்லாம் போயிடுமா மாமா?" என்று அவள் கேட்டாள். சரியான கேள்வி. மாற்றங்களை ராமில் வைத்து, ஷட் டவுனின்போது மட்டும் எழுதும் முறையில் வேகம் அதிகம். ஆனால் பேட்டரி இல்லாத லேப்டாப்பில் கரண்ட் போனால் அன்றைய வேலை போய்விடும். எனவே நேரடியாகப் பென் டிரைவில் எழுதும் ஸ்டேட்டிக் முறையைத் தேர்வு செய்தேன். வேகம் சற்றுக் குறையும், பரவாயில்லை. கூடவே லிப்ரே ஆபீஸில் ஆட்டோசேவை இரண்டு நிமிடத்துக்கு மாற்றினேன். ரிப்போர்ட்டின் நகல் ஒன்று வேறு பென் டிரைவில் இருக்கட்டும் என்றும் சொல்லிவைத்தேன். அந்த ரிப்போர்ட் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

பூட் ஆகவில்லையா?

லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் கீயைத் தட்டிப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பூட் மெனு வந்ததும் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸுடன் வந்த லேப்டாப் என்றால் செக்யூர் பூட் வசதியை நிறுத்த வேண்டியிருக்கலாம்.

இன்னொரு பயன்

இதே மலையின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியுடன் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அந்த அளவுக்கு இருண்ட வானம் இங்கு உண்டு. ஸ்டெல்லேரியம் என்ற இலவச புரோகிராமையும் பென் டிரைவில் சேர்த்துவிடுங்கள். நெட் இல்லாமலே, உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் இன்றிரவு எந்தக் கிரகம் எங்கே தெரியும் என்று காட்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அவசியம் இருக்க வேண்டியது.