கல்லாவில் பில் தாமதமா? வேகத்திற்காகக் கணக்கை இழக்காதீர்

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடைக் கல்லாக்களில் வரிசை நீளும். அந்த நேரத்தில் பில் வரப் பத்து விநாடி தாமதமானாலே வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். "கணினி பழசாகிவிட்டது, மாற்றுங்கள்" என்பதே பலரும் சொல்லும் ஆலோசனை. ஆனால், சிக்கல் கணக்கு எழுதப்படும் வன்தட்டில் மட்டும் இருக்கலாம்.

ஒவ்வொரு விற்பனையும் கடையின் சர்வரில் உள்ள தரவுத்தளத்தில் பதிவாகிறது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளங்கள், பதிவு வன்தட்டில் எழுதப்பட்ட பிறகே "முடிந்தது" என்று பதில் சொல்லும். அடுத்த நொடி மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் அந்த பில் அழியாது. இந்தப் பாதுகாப்புக்கு நாம் தரும் விலைதான் தாமதம்.

சுழலும் வன்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுற்றும். ஒன்றன்பின் ஒன்றாகப் பதியும்போது ஒவ்வொரு பதிவும் ஏறக்குறைய ஒரு சுற்றுக்குக் காத்திருக்க நேரும். 6,000 பொருள்களின் புதிய விலையைத் தனித்தனியாகச் சேமித்தால் குறைந்தது 50 விநாடி ஆகும். அதுவரை கல்லாக்களும் காத்திருக்கும்.

எனவே, முதலில் அளந்து பார்க்க வேண்டும். சர்வர் விண்டோஸில் இயங்கினால் டாஸ்க் மேனேஜர் போன்ற கருவி இதற்கு உதவும். பிராசசர் ஓய்வாக இருந்து, வன்தட்டு 100 விழுக்காட்டைத் தொட்டு நின்றால் காரணம் தெரிந்துவிடும்.

தீர்வுகளில் செலவில்லாதவை உண்டு. விலை மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் சேமிக்கலாம். அந்த வேலையைக் கடை மூடிய பின் செய்யலாம். பயன்படாத இன்டெக்ஸ்களை நீக்கினால் எழுதும் வேலை குறையும். மைஎஸ்கியூஎல் தனக்கென ஒதுக்கும் நினைவகம் இயல்பாக 128 மெகாபைட் மட்டுமே. அதைக் கூட்டினால் வன்தட்டிலிருந்து படிக்கும் வேலை குறைந்து, எழுதுவதற்கு வழி கிடைக்கும். செலவு செய்ய முடிந்தால், மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி நல்ல முதலீடு.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் 'ஃப்ளஷ் லாக்' அமைப்பை 1-லிருந்து 2-ஆக மாற்றினால், விநாடிக்கு ஒரு முறை மட்டுமே பதிவுகள் வன்தட்டில் உறுதி செய்யப்படும். வேகம் கூடும், ஆனால் மின்சாரம் போனால் கடைசி ஒரு விநாடியின் விற்பனைகள் காணாமல் போகலாம். போஸ்ட்கிரஸில் 'எஃப்சிங்க்' வசதியை அணைப்பது அதைவிட ஆபத்து. மின்தடையில் தரவுத்தளம் முழுவதுமே சிதைந்துபோகக்கூடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. பணம் வாங்கி, பில்லும் கொடுத்த பிறகு பதிவு இல்லையென்றால் கையிருப்பும் கணக்கும் பொருந்தாது. 2024 ஆகஸ்டு 1 முதல் இ-இன்வாய்ஸ் முறை கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்துள்ளது. வருமான வரிக்கான பதிவுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். தொலைந்த ஒரு பில்லுக்கும் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மென்பொருள் பராமரிப்பவர் "வேகமாக்கிவிட்டேன்" என்றால், "மின்சாரம் போனால் எத்தனை பில் போகும்?" என்று கேளுங்கள். சர்வருக்கு யுபிஎஸ் பொருத்துங்கள். தினமும் ஒரு நகலைக் கடைக்கு வெளியே சேமியுங்கள். இவற்றைப் பண்டிகைக் கூட்டம் வருவதற்கு முன்பே செய்து முடிப்பது நல்லது.